நமக்கு மணிக்கணக்கில் காசு, அவர்களுக்குப் பெட்டி மட்டுமா?

அவுஸ்திரேலியத் தமிழ் வானொலி நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெல்பேர்ண், சிட்னி, பிரிஸ்பேன், பேர்த், அடிலெய்ட் என்று ஊரூராக வார இறுதியில் தமிழ் ஒலிபரப்புச் செய்கிற அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

நான் உங்களில் ஒருத்திதான். மெல்பேர்ணில் ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பழைய பாட்டும் ஊர்ச் செய்தியும் போடுகிறேன். நிகழ்ச்சி நடத்துவதைவிட மானியப் படிவம் நிரப்புவதுதான் பெரிய வேலை என்று உங்களைப் போலவே புலம்புகிறேன். இந்தக் கடிதம் அந்தப் படிவத்தைப் பற்றியதுதான். ஆனால் நம்முடைய படிவம் இல்லை. நமக்குப் பணம் தருகிற அதே சமூக ஒலிபரப்பு அறக்கட்டளையின் கதவைத் தட்டுகிற இன்னொரு கூட்டத்தின், தொலைதூரப் பூர்வகுடி ஊர்களில் ரேடியோ நடத்துகிறவர்களின் படிவம்.

மெல்பேர்ணுக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் நான் மத்திய பாலைவனத்தில், வார்ல்பிரி என்ற பூர்வகுடி மக்களின் ஊர் ஒன்றில் கிளினிக் தாதியாக வேலை செய்தேன். ஊரின் பெயரை எழுதவில்லை. சின்ன ஊர், பெயரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே செம்மண் ரோட்டில் பாதி நாள் ஓட வேண்டும். மழை பெய்தால் ரோடு இல்லை. ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம், எங்கள் கிளினிக், ஒரு புட்போல் மைதானம், மைதானத்துக்குப் பக்கத்தில் கம்பி வலை அடித்த கதவோடு ஒரு சின்னக் கல் அறை. அதுதான் ரேடியோ.

போன முதல் வாரமே எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். வார்ல்பிரி மக்களிடம் எட்டு உறவுப் பிரிவுகள் இருக்கின்றன, ஒவ்வொரு பிரிவிலும் பெண்ணுக்கு ஒரு பெயர், ஆணுக்கு ஒரு பெயர். எனக்கு நுங்கராயி. அந்த ரேடியோவில் பேசுகிற பெண்மணியும் நுங்கராயி, ஆகவே அவர் எனக்கு அக்கா. அவ்வளவுதான், முடிந்தது. அதன் பிறகு ஊரில் யார் எனக்கு மாமி, யார் மருமகன், யார் முன்னால் வாயைக் கொஞ்சம் மூடிக்கொள்ள வேண்டும் எல்லாம் தானாகவே ஒழுங்காகிவிட்டது. வெள்ளைக்கார டொக்டருக்கு இது தலை சுற்றியது. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் முறை சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்த எனக்கு அது அம்மம்மா வீட்டு முற்றத்துக்குத் திரும்பிப் போன மாதிரி இருந்தது. நான் கார்டியாவா யாபாவா, அதாவது வெளியாளா தங்கள் ஆளா என்பதில் மட்டும் அவர்களுக்குள் கடைசிவரை ஒரு முடிவு வரவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்கள்.

அக்கா ரேடியோவில் என்ன செய்வார் என்பதைச் சொல்கிறேன். வாதக் காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட வேண்டும். நோகிற ஊசி, பிள்ளைகள் ஓடி ஒளிப்பார்கள். வசதியுள்ள நாடுகளில் ஏறக்குறைய மறைந்தேபோன ஒரு நோய் இந்த மக்களின் பிள்ளைகளை இன்னும் விடவில்லை. சுகாதாரப் பகுதியிலிருந்து ஆங்கிலத்தில் இரண்டு வரி அறிவித்தல் வரும், நான் அதை எடுத்துக்கொண்டு ரேடியோ அறைக்குப் போவேன். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தத் தாளை ஒருமுறை பார்ப்பார், கவிழ்த்து வைப்பார், பிறகு மைக்கைத் திறந்து இருபது நிமிடம் பேசுவார். எனக்கு விளங்கியது 'நுங்கராயி', 'கிளினிக்', 'ஊசி' என்ற மூன்று சொல்தான். இடையில் அவரே சிரிப்பார், ஒரு பாட்டுப் போடுவார், திரும்பவும் ஊசிக்கு வருவார். அடுத்த நாள் காலையில் ஒரு பாட்டி மூன்று பேரப் பிள்ளைகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு கிளினிக் வாசலில் நின்றார். அந்த இருபது நிமிடத்தில் என்ன சொன்னீர்கள் என்று பிறகு அக்காவிடம் கேட்டேன். "உன் கை மெதுவான கை என்று சொன்னேன். பொய்தான்" என்றார்.

அந்த ஒலிபரப்பைப் படிவத்தில் எப்படி எழுதுவது? 'சுகாதாரத் தகவல், 20 நிமிடம்' என்றா?

அந்த அறைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அது நம்முடைய ஆட்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. 1980இல் அலிஸ் ஸ்பிரிங்ஸில் பிரெடா கிளின், ஜோன் மக்கும்பா, பிலிப் பற்றி ஆகியோர் சேர்ந்து மத்திய அவுஸ்திரேலியப் பூர்வகுடி ஊடகச் சங்கத்தைத் தொடங்கினார்கள். காமா என்றால்தான் அங்கே விளங்கும். 1985இல் அவர்களுக்குச் சொந்த வானொலி நிலையம் வந்தது. சிறையில் இருப்பவர்களுக்காகப் பாட்டுக் கேட்டு உறவுக்காரர் செய்தி சொல்லுகிற ஒரு நிகழ்ச்சியை அந்த நிலையம் நடத்தியது. வட பிராந்தியத்துச் சிறைகளில் பெரும்பாலும் பூர்வகுடி மக்களே நிரம்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த நிகழ்ச்சியின் அருமை விளங்கும். அதே 1985இல்தான் நாட்டின் முதல் செய்மதி மேலே போனது. பாலைவனத்துப் பெரியவர்களுக்கு அது சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது. வானத்திலிருந்து இரவும் பகலும் ஆங்கிலம் கொட்டினால் பிள்ளைகள் எந்த மொழியில் கனவு காண்பார்கள்? யுவண்டுமு, எர்னபெல்லா என்ற பாலைவன ஊர்களில் அனுமதிப் பத்திரம் எதுவும் இல்லாமலே அவர்கள் சொந்தமாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பத் தொடங்கிவிட்டார்கள். அரசாங்கம் பின்னால் ஓடிவந்து, 1987 முதல் ஊர்களுக்கு ஒரு பெட்டி கொடுத்தது. செய்மதியிலிருந்து வருவதை வாங்கி ஊருக்குள் ஒலிபரப்பும், ஒரு சுவிட்சைத் தட்டினால் அதை நிறுத்திவிட்டு ஊர்க்காரரே தங்கள் குரலைப் போடலாம். மைக், கசெட், கமெரா எல்லாம் அந்தப் பெட்டியோடு வந்தன.

அருமையான யோசனைதான். ஆனால் பெட்டியைக் கொடுத்தவர்கள் சுவிட்சைத் தட்டுகிற கைக்குச் சம்பளம் கொடுக்க மறந்துவிட்டார்கள். பயிற்சியும் பேருக்குத்தான். பிறகு பல வருடம் என்ன நடந்தது என்றால், வேலையற்றோர் உதவிப் பணத்தை வேலைக்கான கூலியாக மாற்றிக் கொடுத்த ஒரு சமூக வேலைத் திட்டத்தில் அந்த அறிவிப்பாளர்களைச் சேர்த்துச் சமாளித்தார்கள். புல் வெட்டுகிறவருக்கும் குப்பை அள்ளுகிறவருக்கும் என்ன கணக்கோ அதே கணக்கு. (புல் வெட்டுவதைக் குறைவாகச் சொல்லவில்லை. நாற்பது பாகை வெயிலில் வெட்டிப் பார்த்தால் தெரியும்.) 2000களின் பிற்பகுதியிலிருந்து அந்தத் திட்டத்தையும் படிப்படியாக மூடினார்கள். 2014 வரவு செலவுத் திட்டத்தில் பூர்வகுடித் திட்டங்களிலிருந்து ஐந்து வருடத்துக்கு 53.4 கோடி டொலர் வெட்டப்பட்டது. 2017 ஜனவரி கடைசியில் தேசிய ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி தன் வட பிராந்தியச் சிற்றலை ஒலிபரப்பையும் வெளிநாட்டுச் சிற்றலை ஒலிபரப்பையும் நிறுத்தியது. இரண்டையும் சேர்த்து மிச்சமாவது 19 லட்சம் டொலர் என்றார்கள். ரேடியோவுக்குச் செலவழிப்பது எப்போதுமே இவர்களுக்குக் கடைசி வரி, வெட்டுவதற்கு மட்டும் முதல் வரி.

இன்றைக்கு அந்த ஊர் ரேடியோக்கள் பிராந்திய மையங்களோடு சேர்ந்து இயங்குகின்றன. யுவண்டுமுவில் பா மீடியா, டார்வினில் டியாபா, புரூமில் பக்காம், தேர்ஸ்டே தீவில் டொரஸ் நீரிணை மக்களின் மையம் என்று பிராந்தியத்துக்கு ஒன்று. அடிப்படைச் செலவுக்கான பணத்தில் பெரும்பகுதி 2019இல் உருவான தேசியப் பூர்வகுடி அவுஸ்திரேலியர் முகமை வழியாக வருகிறது. மையங்கள் இருக்கிற பணத்தில் பெரிய வேலை செய்கின்றன, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் முறைப்பாடு வேறு. ஊரில் பேசுவதற்கு ஆள் இல்லாவிட்டாலும் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். மையத்திலிருந்தோ தேசிய சேவையிலிருந்தோ வருகிற நிகழ்ச்சி 24 மணி நேரமும் போகும். கான்பராவில் இருக்கிற அட்டவணையில் அந்த ஊருக்கு நேரே 'சேவை உண்டு' என்று ஒரு சரி அடையாளம் விழும். ஊரே வாய் திறக்காமல் அந்த அடையாளம் பத்து வருடம்கூட அப்படியே இருக்கும்.

நான் அங்கே இருந்த இரண்டாவது வருடம் அதுதான் நடந்தது. அக்காவின் சம்பளத்துக்கு வழி செய்திருந்த அலுவலகம் (எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, சண்டை பிடிக்க எழுதவில்லை) ஒரு நாள் ஒப்பந்தம் முடிந்தது, புதிய படிவம் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பியது. படிவம் முப்பதுக்கும் மேற்பட்ட பக்கம், முழுக்க ஆங்கிலம். 'எதிர்பார்க்கப்படும் நேயர் எண்ணிக்கையின் வளர்ச்சி' என்று ஒரு கட்டம். ஊரில் இருப்பதே சில நூறு பேர், நேயர்கள் எங்கிருந்து வளர்வார்கள், பிறந்து வளர்ந்தால்தான் உண்டு. அதைவிடக் கொடுமை இன்னொரு கேள்வி. முந்திய வருடத்தில் ஆறு வாரம் உள்ளூர் நிகழ்ச்சி ஏன் போகவில்லை, காரணம் காட்டவும்.

காரணம் மரணம். அந்த மக்களிடம் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய பெயரைச் சொல்லக் கூடாது. அதே பெயர் உள்ள மற்றவர்களையும் குமஞ்சாயி என்றுதான் கூப்பிடுவார்கள். இறந்தவரின் குரல் எங்கேயும் ஒலிக்கக் கூடாது. படம் இருந்தால் மூடிவைப்பார்கள். அந்த வருடம் இறந்தவர் ஊரின் பாட்டுக்காரர். ரேடியோவில் இருந்த பாட்டில் பாதி அவருடைய இசைக்குழுவின் பாட்டு. அக்கா அறையைப் பூட்டினார். துக்கம் கழிந்து திறந்தபோது நானும் கூடப் போனேன். சுவரில் ஒட்டியிருந்த பாட்டுப் பட்டியலை அவர் கழற்றி மேசையில் விரித்தார். கறுப்பு மார்க்கரால் ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டார். சில இடத்தில் பேனையை நிறுத்தி, இந்தப் பாட்டில் பின்னால் வருகிற குரல் யாருடையது என்று யோசித்தார். ஒரு பாட்டைத் தீர்மானிக்க முடியாமல் இறந்தவரின் தங்கையைத் தேடிப் போய்க் கேட்டு வந்து கோடு போட்டார். அன்றைக்கு முழு மத்தியானமும் அதிலேயே போனது. அலிஸிலோ டார்வினிலோ உட்கார்ந்து இதை யாராலும் செய்ய முடியாது.

இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்தவள் நான். 'உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்' என்று முடியுமே, அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் அம்மம்மா யாரையும் பேச விட மாட்டா. பெயரைச் சொல்லி ஊருக்கு அறிவிப்பது நமக்கு மரியாதை, பெயரைச் சொல்லாமல் இருப்பது அவர்களுக்கு மரியாதை. இரண்டையும் செய்வதற்கு ஒரு ரேடியோ வேண்டியிருக்கிறது. இதைப் படிவத்தில் எழுத நான் அக்காவுக்கு உதவினேன். எழுதினோம், அனுப்பினோம். பதில் வரும்வரை அறை பூட்டிக் கிடந்தது. பதினொரு மாதம். நான் ஊரை விட்டு வரும்போதும் பூட்டித்தான் இருந்தது, பெட்டி மட்டும் உள்ளே பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது நம்முடைய பக்கம் வருவோம். பல்லின மொழி நிகழ்ச்சிகளுக்கு ஒலிபரப்புகிற மணி நேரத்தைக் கணக்குப் பார்த்து மானியம் தருகிற முறையில் நாம் பழகியவர்கள். இங்கேயே தயாரித்த நிகழ்ச்சியா, நம் மொழியில் பேசுகிறோமா, வெறும் பாட்டு மட்டும் போட்டு ஒப்பேற்றுகிறோமா என்று கேட்பார்கள். நாம் முணுமுணுத்தாலும் அது நியாயமான கேள்விதான். அந்தக் காசு பெரிய காசு இல்லை, கலையகக் கட்டணத்துக்கே சரியாகிவிடும். ஆனாலும் அதற்குள் ஒரு மரியாதை இருக்கிறது. நீ பேசுகிற மணிக்கு விலை உண்டு என்கிறது அது. நமக்கு அரசாங்கத்தின் பன்மொழி ஒலிபரப்பான எஸ்பிஎஸ்ஸில் தமிழ் இருக்கிறது, சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நேரடியாகக் கேட்க ஆயிரம் வழி இருக்கிறது, நம் மொழியைப் பேச உலகத்தில் ஏழெட்டுக் கோடிப் பேர் இருக்கிறோம். 2021 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டின் பூர்வகுடி மொழிகள் அத்தனையையும், 167 மொழிகளையும் சேர்த்து, வீட்டில் பேசுகிறவர்கள் 76 ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். வார்ல்பிரி அதில் பலமான மொழி என்பார்கள், அதற்கே சில ஆயிரம் பேர். அந்த மொழியில் ஒரு மணி நேரம் பேசுகிறவருக்கு ஏன் வேறு கணக்கு?

சிலர் என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள், எல்லாரும் கைத்தொலைபேசியில் பேஸ்புக் பார்க்கிறார்கள், இன்னும் எதற்கு ரேடியோ என்று. ஒரே ஒரு கோபுரம் உள்ள ஊரில் அது இரண்டு நாள் படுத்தால் கடையில் கார்ட்டும் வேலை செய்யாது, தொலைபேசியும் வேலை செய்யாது. ஊரில் மின்சாரம் இருக்கும்வரை அந்தக் கல் அறையிலிருந்து பேசலாம். ரோடு மூடியிருக்கிறதா, இன்றைக்கு டொக்டர் விமானம் வருகிறதா, கடையில் மா வந்துவிட்டதா எல்லாம் அதில்தான். பழைய டொயோட்டாவில் எட்டுப் பேர் ஏறியிருப்பார்கள், ஒரு ரேடியோ எட்டுப் பேருக்கும் போதும், டேட்டா காசும் இல்லை. புட்போல் போட்டியை யாராவது வார்ல்பிரியில் வர்ணனை செய்கிற நாளில் ஊரே ரேடியோவோடு ஒட்டிக் கிடக்கும். உங்களுக்கு கிரிக்கெட்டைத் தமிழில் கேட்ட ஞாபகம் இருக்கும்தானே.

விளம்பரம் எடுத்துப் பிழைத்துக்கொள்ளலாமே என்பது அடுத்த கேள்வி. சமூக வானொலிக்கு மணிக்கு ஐந்து நிமிடம்தான் அனுசரணை அறிவித்தல் போடலாம் என்று சட்டம், அது நமக்கும் உண்டு. நமக்கு நகைக்கடை, சாப்பாட்டுக் கடை, வீட்டுக்கடன் தரகர் என்று ஆள் கிடைக்கும். அங்கே ஒரே ஒரு கடை, அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று விளம்பரம் செய்தால் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்துச் சொல்கிற புதிய விஷயம் இல்லை. பூர்வகுடி ஊடகங்களின் தேசிய அமைப்பு ஊரிலேயே, நேரடியாக, உள்ளூர் ஆட்களைக் கொண்டு ஒலிபரப்புவதை விரிவாக்குங்கள், நிகழ்ச்சித் தயாரிப்புக்கு வருடாந்தம் ஒரு நிதி வையுங்கள், அரசாங்க அறிவித்தல்களுக்கு எங்கள் நிலையங்களையே முதலில் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறது. கேட்கிறவர்கள் எப்போதும் அவர்களே. பக்கத்து மேசையில் அதே அறக்கட்டளையிடம் பணம் வாங்குகிற நாம் ஒருநாளும் அவர்களுக்காக ஒரு வரி எழுதியதில்லை. நானும் எழுதியதில்லை, ஒன்பது வருடமாக. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏன் எழுதவில்லை என்றும் எனக்குத் தெரியும். உள்ளுக்குள் ஒரு பயம். அவர்களுக்குக் கூட்டினால் நமக்குக் குறைப்பார்கள். போன வருடம் நம்முடைய கூட்டத்தில் ஒருவர் அதை வாய்விட்டே சொன்னார், பலர் தலையாட்டினார்கள், நானும் சும்மா இருந்தேன். 'கல் தோன்றி மண் தோன்றா'க் காலத்துக் கதையை மேடைக்கு மேடை சொல்கிற நாம், மூத்த குடி என்ற சொல்லுக்கு அறுபதாயிரம் வருடம் கணக்குக் காட்டக்கூடியவர்கள் பக்கத்தில் வந்து நிற்கும்போது பணப்பையை இறுக்கிப் பிடிக்கிறோம். ஒவ்வொரு நிகழ்ச்சித் தொடக்கத்திலும் இந்த மண்ணின் மக்களுக்கு மரியாதை செலுத்துகிறோம் என்று பதினைந்து செக்கனில் வாசித்துவிட்டு அடுத்த செக்கனே தலைப்புப் பாட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தப் பதினைந்து செக்கனை இந்தத் தடவை கொஞ்சம் நீட்டலாமே என்றுதான் கேட்கிறேன்.

கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. சமூக ஒலிபரப்பு பற்றி அரசாங்கம் அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது நம்முடைய குழுக்கள் எப்படியும் ஒரு கடிதம் அனுப்பும். அதில் கீழே இருக்கிற மூன்று வசனத்தை ஆங்கிலத்தில் சேர்த்துவிடுங்கள். வார்த்தையை உங்கள் விருப்பத்துக்கு மாற்றலாம், கருத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்:

"தொலைதூரப் பூர்வகுடி ஊர்களில் அந்தந்த ஊராரே தங்கள் மொழியில் தயாரிக்கும் நிகழ்ச்சிகளுக்கு, அறிவிப்பாளரின் சம்பளத்தையும் சேர்த்து, ஒலிபரப்பு மணிக்கணக்கில் தனி நிதி வேண்டும். அது எங்களைப் போன்ற பல்லின மொழிக் குழுக்களின் நிதியில் கை வைக்காமல் புதிதாக ஒதுக்கப்பட வேண்டும், அப்படி ஒதுக்குவதை நாங்கள் ஆதரிக்கிறோம். துக்க நாட்களில் உள்ளூர் ஒலிபரப்பு நிற்பதை எந்தப் படிவத்திலும் குறையாகக் கணக்கிடக் கூடாது."

மூன்றாவது வசனத்தை யாராவது தேவையில்லை என்று வெட்டப் பார்ப்பார்கள். அதைத்தான் முக்கியமாக விட வேண்டாம்.

அப்புறம், குழுவாக எழுத நேரமில்லை என்றால் தனியாளாகவும் எழுதலாம். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் தைப்பொங்கலுக்கு வந்து வேட்டி கட்டிப் படம் எடுத்திருப்பார், அவருக்கு எழுதுங்கள். படம் எடுத்த கையோடு கேட்டால் இன்னும் நல்லது.

அன்புடன்,
மெல்பேர்ணிலிருந்து உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சகோதரி (நுங்கராயி)

பி.கு.: அக்காவோடு போன மாதம் பேசினேன். இப்போது அறை திறந்திருக்கிறது, வாரத்தில் இரண்டு நாளுக்கு மட்டும், அடுத்த ஜூன் வரைக்கும். கோடு போட்ட பாட்டில் ஒன்றைத் திரும்பப் போடலாம் என்று இறந்தவரின் தங்கை சொல்லியிருக்கிறாராம். எந்தப் பாட்டு என்று கேட்டேன். "ரேடியோவைக் கேள், தெரியும்" என்றார்.